நக்து: பழங்காசுச் சந்தையின் சொற்களுக்கு ஓர் உரைகல்

அரபு மொழியில் ‘நக்து’ என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு. காசுகளை ஆராய்ந்து நல்லதையும் தீயதையும் பிரித்தறிவது முதற்பொருள். ஒரு நூலின் குணதோஷங்களை எடுத்துரைக்கும் திறனாய்வு அதிலிருந்து கிளைத்த பொருள். கி.பி. பத்தாம் நூற்றாண்டினரான குதாமா பின் ஜஃபர், கவிதையை ஆராயும் தம் நூலுக்கு ‘நக்துஷ் ஷிஃர்’ என்றே பெயரிட்டார். நாணயச் சோதகரின் தொழிற்சொல் இலக்கியத் திறனாய்வின் பெயராயிற்று. அச்சொல்லே தமிழில் ‘நகது’ என ரொக்கத்தைக் குறித்து வழங்கியது. காசு மாற்றுவோரைக் குறிக்கும் ‘சர்ராஃப்’ நம்மிடம் ‘சராப்பு’ ஆயிற்று. தமிழுக்கும் இதில் சொந்த மரபு உண்டு. நாணயம் சோதிப்போரை ‘வண்ணக்கன்’ என்றனர் நம் முன்னோர். வடமவண்ணக்கன் தாமோதரனார் முதலிய சங்கப் புலவர்களின் பெயர்களிலேயே அத்தொழிற்பெயர் இடம்பெற்றுள்ளது. காசையும் நேர்மையையும் ‘நாணயம்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழி நம்முடையது.

ஹதீஸ் கலை வல்லுநர்களும் இவ்வுவமையைக் கையாண்டனர். ஓர் அறிவிப்பில் மறைந்துள்ள குறையைக் கண்டறியும் திறனை, தீனாரைக் கையில் வாங்கியவுடன் அதன் தரத்தைக் கூறிவிடும் சோதகரின் திறனோடு ஒப்பிட்டவர் இமாம் அபூ ஹாத்திம் அர்ராஸீ (ரஹ்). ஓர் அறிவிப்பு இரண்டு வகையில் சோதிக்கப்படும். யார் வழியாக வந்தது என்பது ‘இஸ்னாத்’. என்ன கூறுகிறது என்பது ‘மத்ன்’. சங்கிலி பழுதற்றிருந்தும் வாசகத்தில் குறையிருக்கலாம். வாசகம் அழகாயிருந்தும் சங்கிலி அறுந்திருக்கலாம்.

இம்முறையைப் பழங்காசுச் சந்தைக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஏலப் பட்டியல்களிலும், கடைகளில் காசுடன் இணைத்துத் தரப்படும் சீட்டுகளிலும், கைபேசியில் வலம்வரும் விளம்பரங்களிலும் காணப்படும் விற்பனைக் குறிப்பு, இன்று தனியொரு எழுத்துவகையாகவே வளர்ந்துவிட்டது. அது வரலாறு பேசுகிறது, பக்தி பேசுகிறது, விலையும் பேசுகிறது. ஆயினும் அதனை யாரும் திறனாய்வதில்லை. முஸ்லிம் மன்னர்களின் காசுகளைப் பற்றிய குறிப்புகள் குறிப்பாகத் தப்பிவிடுகின்றன. அதற்குக் காரணம் நாமே என்று கருதுகின்றோம். காசில் கலிமா பொறிக்கப்பட்டிருந்தால், அதனைப் ‘போலி’ என்று சொல்ல நம் நாவு கூசுகிறது. திருவசனத்தின் மீதுள்ள மரியாதை, அது பொறிக்கப்பட்ட உலோகத்தின் மீதும், அவ்வுலோகத்தை விற்பவனின் வாய்மொழி மீதும் படர்ந்துவிடுகிறது. விற்பவன் இதனை நன்கறிவான்.

வாசகமே முதற் சான்று

இஸ்லாமிய நாணயங்களின் தனிச்சிறப்பு அவை எழுத்தாலானவை என்பதாகும். உமைய்யா கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696–97) வெளியிட்ட தீனாரிலிருந்து மன்னர் உருவம் நீங்கியது, ஏகத்துவத்தை முழங்கும் வாசகங்கள் அவ்விடத்தைப் பெற்றன. ஹிஜ்ரி 79 முதல் திர்ஹமும் அதே வடிவில் பரவலாக அடிக்கப்பட்டது. தீனாரின் எடை ஏறத்தாழ 4.25 கிராம், திர்ஹத்தின் எடை 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு. உருவம் பொறித்த காசைக் கண்ணால் பார்த்தால் போதும். எழுத்துப் பொறித்த காசைப் படித்தாக வேண்டும். படிக்கத் தெரிந்தவனிடம் அது தன் வரலாற்றைத் தானே சொல்லும்; படிக்கத் தெரியாதவனிடம் விற்பவன் சொல்வதே அதன் வரலாறாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. இச்சீர்திருத்தத்திற்குப் பிந்திய உமைய்யாக்களின் பொன், வெள்ளிக் காசுகளில் கலீஃபாவின் பெயர் பொறிக்கப்படுவதில்லை. திர்ஹங்களில் அடித்த ஊரும் ஆண்டும் இருக்கும். தீனாரில் பொதுவாக ஆண்டு மட்டுமே இருக்கும். ஆகவே, உமைய்யா கலீஃபா ஒருவரின் பெயரைத் தாங்கிய இவ்வகைத் தீனார் என்று ஒரு குறிப்பு கூறினால், காசைக் காணும் முன்பே குறிப்பைச் சந்தேகிக்க வேண்டும். நேர்வழி கலீஃபாக்களின் பெயரால் விற்கப்படும் காசுகளின் நிலையும் இத்தகையதே. அக்காலத்தில் முஸ்லிம்களின் ஆட்சிப் பகுதிகளில் வழங்கியவை பாரசீக, உரோமானிய வடிவக் காசுகளே. பாரசீக மன்னர் உருவத்தின் ஓரத்தில் ‘பிஸ்மில்லாஹ்’ என்று சிறிய எழுத்தில் சேர்க்கப்பட்ட வெள்ளிக் காசுகள் உண்டு. அவை கிடைத்தற்கரிய சான்றுகள். ஆனால் முழுக் கலிமாவையும் நான்கு கலீஃபாக்களின் பெயர்களையும் தாங்கிய ஒரு காசை ‘கலீஃபாக்கள் காலத்துக் காசு’ என்பது வேறு செய்தி. அப்பெயர்களை முகலாயர் உள்ளிட்ட பிற்கால மன்னர்கள் பலர் தம் காசுகளில் பொறித்துள்ளனர். குறிப்பு எழுதியவர், காசில் யாருடைய பெயர் உள்ளது என்பதையும் காசை யார் அடித்தார் என்பதையும் ஒன்றாக்கிவிடுகிறார்.

அவுரங்கசீப் ஆலம்கீர் காசுகள் மற்றொரு சான்று. புனிதக் கலிமா காலடியில் மிதிபடவும் தகாத இடங்களில் புழங்கவும் நேரிடும் என்றெண்ணி, காசுகளில் அதனைப் பொறிப்பதை அவர் தம் ஆட்சித் தொடக்கத்திலேயே நிறுத்தினார். பேரரசர்களில் மார்க்கப் பற்றுக்குப் பெயர்பெற்றவர் அவரே என்பதால், ‘ஆலம்கீர் கலிமாக் காசு’ என்று கேட்டவுடன் பலருக்கு அது பொருத்தமாகவே தோன்றும். உண்மையில் அப்பற்றே அவர் காசில் கலிமா இல்லாமைக்குக் காரணம். அவர் காசுகளில் உள்ள பாரசீக ஈரடியில், வெள்ளிக்கு முழுமதியைக் குறிக்கும் ‘பத்ர்’ என்ற சொல்லும் பொன்னுக்குக் கதிரவனைக் குறிக்கும் ‘மிஹ்ர்’ என்ற சொல்லும் பொதுவாக இடம்பெறும். வெள்ளிக் காசில் கதிரவனைக் கண்டால் உடனே தீர்ப்புக் கூறவேண்டியதில்லை. ஆனால் ஒரு கேள்வி எழ வேண்டும்.

ஜஹாங்கீரின் இராசிக் காசுகள் குறித்த கதையும் நோக்கத்தக்கது. நூர்ஜஹான் ஒரே ஒரு நாள் ஆட்சிபுரிந்து, அந்நாளில் பன்னிரண்டு இராசிகளையும் பொறித்துக் காசடிக்கச் செய்தார் என்பது பிரெஞ்சுப் பயணி தவர்னியே வழியாகப் பரவிய செய்தி. ஜஹாங்கீரோ, மாதத்தின் பெயருக்குப் பதிலாக அம்மாதத்தின் இராசி உருவைப் பொறிக்கும் எண்ணம் தம்முடையதே எனத் தம் நினைவேட்டில் பதிவு செய்துள்ளார். ஆட்சியின் 13ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1618இல், அவை வெளிவரத் தொடங்கின. நூர்ஜஹான் பெயர் தாங்கிய காசுகள் அவ்வாட்சியின் இறுதி ஆண்டுகளில் வந்தவை. அவற்றில் இராசி உருவம் கிடையாது. கதை காசைவிட அழகாயிருப்பதால் இன்றளவும் விற்பனைக் குறிப்புகளில் உயிர்வாழ்கிறது. இக்காசுகளுக்குப் பல நூற்றாண்டுகளாகவே போலிகள் உண்டு. அவற்றைச் சோதிக்க எளிய வழி ஒன்றும் உண்டு. காசில் ஆட்சியாண்டும் ஹிஜ்ரி ஆண்டும் சேர்ந்தே வருகின்றன. 13ஆம் ஆட்சியாண்டுக்கு ஹிஜ்ரி 1027 பொருந்தும். அதனோடு பல ஆண்டுகள் முரண்படும் ஹிஜ்ரி ஆண்டு ஒரே காசில் இருக்குமாயின், அச்சு வெட்டியவர் படிக்கத் தெரியாமல் படியெடுத்தவர் என்று ஐயுறலாம். எண்களைத் திருத்துவதும் எளிது. அரபு எண்களில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரே ஒரு பல்தான்.

அவசரத் தீர்ப்பும் பிழையே

திறனாய்வாளன் இருபுறமும் விழிப்பாயிருத்தல் வேண்டும். போலியை உண்மை என்பது ஒரு பிழை. உண்மையைப் போலி என்பது மற்றொரு பிழை. திப்பு சுல்தானின் காசுகள் இதற்குத் தக்க சான்று. அவர் 1787 முதல் ஹிஜ்ரி ஆண்டை விடுத்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பிலிருந்து கணக்கிடப்படும் ‘மவ்லூதீ’ ஆண்டைக் காசுகளில் பொறித்தார். அவ்வாண்டு 1215. மேலும் எண்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். இவற்றை அறியாதவர் அக்காசை வழக்கம்போல் இடமிருந்து வலமாகப் படித்தால் 5121 எனப் படிப்பார். எண்ணைச் சரியாகப் படித்தும் அதை ஹிஜ்ரி ஆண்டு எனக் கொண்டால், அது கி.பி. 1800–01 ஆகும். திப்பு ஷஹீதானதோ 1799இல். ஆக, பாதி அறிந்தவர் முழு உண்மையான காசைப் போலியென்று தள்ளிவிடக்கூடும். பாதி அறிவின் ஆபத்து இது.

அவர் காசுகளுக்கிட்ட பெயர்களே ஒரு பாடநூல். பொன்னில் அஹ்மதீ, சித்தீக்கீ, ஃபாரூக்கீ. வெள்ளியில் ஹைதரீ, இமாமீ, ஆபிதீ, பாக்கிரீ, ஜஃபரீ, காஸிமீ, கிழ்ரீ. செம்பில் உஸ்மானீயும், விண்மீன்களின் பெயர் தாங்கிய ஸுஹ்ரா, பஹ்ராம், அக்தர், குத்பு முதலியவையும் வழங்கின. அடித்த ஊர்களுக்கும் புதுப்பெயர்கள் சூட்டினார். ‘ஸலாமாபாத்’ என்று பொறிக்கப்பட்டது நம் சத்தியமங்கலமே என அறிஞர் அடையாளம் காண்கின்றனர். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஹென்டர்சன், ஹைதர் அலி, திப்பு சுல்தான் காசுகளைப் பற்றி எழுதிய நூல் 1921இல் சென்னையிலேயே வெளிவந்தது.

செம்புக் காசுகளில் யானை வலம் நோக்குவதும் இடம் நோக்குவதும், துதிக்கை உயர்ந்திருப்பதும் தாழ்ந்திருப்பதும், கொடி இருப்பதும் இல்லாதிருப்பதும் உண்மையான வகைபேதங்கள். சேகரிப்போர் அவற்றை வகைப்படுத்துவது நியாயமே. ஆனால் அச்சுகள் யாவும் கையால் வெட்டப்பட்டவை. ஓர் அச்சுக்கும் மற்றோர் அச்சுக்கும் சிறு வேறுபாடுகள் இயல்பு. யானையின் வால் சற்று வளைந்திருப்பதைக் காட்டி ‘உலகில் இது ஒன்றே’ என்று எழுதுவது வகைபேதம் அறிவதாகாது. திட்டமிட்டுச் செய்யப்பட்ட மாற்றமே வகை. கை நழுவியதால் நேர்ந்தது தற்செயல். இவ்விரண்டையும் வேண்டுமென்றே குழப்புவது, அரிதல்லாததை அரிதாக்கும் வித்தை.

மெய்யான காசு, பொய்யான குறிப்பு

மேற்கூறியவற்றினும் நுட்பமானது, காசில் குற்றமேயின்றிக் குறிப்பில் மட்டும் குற்றமுள்ள நிலை. இதற்கு ஆற்காட்டு ரூபாயைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நம் நாட்டில் இல்லை.

ஆலம்கீர் பாதுஷாவின் பெயர், ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6, அடித்த ஊர் ஆற்காடு என்று பாரசீகத்தில் பொறித்த வெள்ளி ரூபாய்கள் தமிழகத்தில் இன்றும் கிடைக்கின்றன. குறிப்பெழுதுவோரில் முதல் வகையினர் 1172ஐக் கிறித்தவ ஆண்டாகக் கொண்டு, ‘850 ஆண்டுப் பழமையான இஸ்லாமியக் காசு’ என்பர். இரண்டாம் வகையினர் சற்றுப் படித்தவர்கள்; ஆலம்கீர் என்ற பெயரைக் கண்டதும் ‘அவுரங்கசீப் காசு’ என்பர். அவுரங்கசீப் 1707இல் காலமானார். ஹிஜ்ரி 1172 என்பது கி.பி. 1758–59. இங்கே குறிக்கப்படுபவர் 1754 முதல் 1759 வரை ஆண்ட இரண்டாம் ஆலம்கீர். மூன்றாம் வகையினர் அதனையும் அறிந்து, ‘இரண்டாம் ஆலம்கீர், முகலாயக் காசு, 1759’ என்று எழுதுவர். இதுவும் பெரும்பாலும் பிழையே. தாமரை அடையாளம் உள்ளதாயின், அது சென்னையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்தது. விளிம்பில் வரியிடப்பட்டு இயந்திரத்தில் அடிக்கப்பட்டதாயின், அது 1807க்குப் பிற்பட்டது. பேரரசர் கொலையுண்டு அரை நூற்றாண்டு கழிந்தும், அவர் பெயரையும் ஆண்டையும் உறையச் செய்து கம்பெனி காசடித்துக்கொண்டிருந்தது. மக்கள் அப்பெயரை நம்பினர்; கம்பெனி அந்நம்பிக்கையை நாணயமாக்கிற்று.

பிறை அடையாளமுள்ள ஆற்காட்டு ரூபாய்களின் கதை இன்னும் சுவையானது. பிறையைக் கண்டவுடன் ‘இஸ்லாமியச் சின்னம் பொறித்த நவாபு காசு’ என்று எழுதிவிடுகின்றனர். அப்பிறை புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரர்களின் நாணயச்சாலைக் குறி. 1736இல் ஆற்காட்டு நவாபிடம் உரிமை பெற்று அவர்கள் இவ்வகை ரூபாயை அடிக்கத் தொடங்கினர்.

இவற்றைப் போலி என்று சொல்லலாகாது. வெள்ளி நல்ல வெள்ளி. எடை நல்ல எடை. அக்காலத்தில் அங்கீகாரம் பெற்றுப் புழங்கியவை. இவற்றின் உண்மை வரலாறு, ‘முகலாயக் காசு’ என்னும் கற்பனையைவிடப் பன்மடங்கு பாடம் புகட்டவல்லது. முஸ்லிம் மன்னரின் பெயர் எவ்வாறு அந்நிய வணிகரின் கைக்கருவியாயிற்று என்பதை அது உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிறது. தவறான குறிப்பு வாங்குபவரின் பணத்தோடு இப்பாடத்தையும் களவாடிவிடுகிறது.

உலோகம் உரைப்பது

வாசகம் பொருந்தினால் அடுத்துக் காசின் உடலை நோக்க வேண்டும். பழங்காசுகள் அச்சின் மீது வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடிக்கப்பட்டவை. முகலாயர் காசுகளில் பெரும்பாலும் அச்சு வில்லையைவிடப் பெரியது; ஆகவே வாசகத்தின் ஒரு பகுதியே காசில் விழும். ஒவ்வோர் அடியிலும் விழும் பகுதி சற்று மாறும். இரண்டு காசுகளில் வாசகம் ஒரே இடத்தில் வெட்டுண்டு, விளிம்பில் ஒரே இடத்தில் வெடிப்பும் காணப்படுமாயின், இரண்டில் ஒன்றாவது மற்றொன்றிலிருந்தோ, இரண்டும் மூன்றாவதொன்றிலிருந்தோ வார்த்தெடுக்கப்பட்டவை. இச்சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை; பழைய ஏலப் பட்டியல்களைப் பொறுமையுடன் ஒப்பிடும் கண் போதும்.

வார்ப்புக் காசில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். மேற்பரப்பில் ஊசிமுனை போன்ற குழிகள் தென்படலாம். விளிம்பைச் சுற்றி அச்சுப்பெட்டியின் இணைப்புக் கோடோ அதை அரத்தால் தேய்த்த தடமோ இருக்கலாம். முகலாய ரூபாயின் எடை ஏறத்தாழ 11.5 கிராம், முஹரின் எடை ஏறத்தாழ 11 கிராம். தேய்மானத்தால் எடை சற்றுக் குறையலாம், கூடுவதற்குக் காரணமில்லை. சராப்புகள் குத்திய சிறு முத்திரைகள் காசின் அழகைக் கெடுப்பதாகச் சேகரிப்போர் வருந்துவதுண்டு. ஆனால் ஒரு காலத்தில் சந்தை அக்காசைச் சோதித்து ஏற்றதற்கு அவையே சாட்சி.

நீரில் நிறுத்துப் பார்க்கும் சோதனையும் நம் முன்னோர் கைவந்த கலை. பொன்னின் அடர்த்தி நீரைப் போல் 19.3 மடங்கு, வெள்ளியினது 10.5, செம்பினது 8.9. உலோகங்களின் இவ்வொப்படர்த்தியை அல்பீரூனி அளந்து தனி நூல் எழுதினார். அல்காஸினி 1121இல் நிறைவுசெய்த ‘மீஸானுல் ஹிக்மா’, கலப்பு உலோகத்தைச் சிதைக்காமல் சோதிக்கும் தராசை விரித்துரைக்கிறது. ஆயினும் எடையும் அடர்த்தியும் பொருந்துவதால் மட்டும் காசு உண்மையாகிவிடாது. நல்ல வெள்ளியில் புது அச்சால் அடிக்கப்பட்ட போலியும் உண்டு. உலோகச் சோதனை சில போலிகளை விலக்க உதவும். எதையும் மெய்ப்பிக்க அது போதாது.

சங்கிலி

எஞ்சுவது இஸ்னாத். இக்காசு யாரிடமிருந்து யாருக்கு வந்தது? எந்தச் சேகரிப்பில் இருந்தது? எந்தப் பட்டியலில், எந்த ஆண்டில் படத்துடன் பதிவாயிற்று? விலை உயர உயர இக்கேள்விகள் கட்டாயமாகின்றன. ஹிஜ்ரி 105ஆம் ஆண்டுத் தீனாரில், ஹிஜாஸிலுள்ள அமீருல் முஃமினீனின் சுரங்கம் என்று கூடுதல் வாசகம் உள்ள அரிய வகை ஒன்றுண்டு. அத்தகைய காசு ஒன்று 2011இல் இலண்டன் ஏலத்தில் 37 இலட்சம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று. சில சொற்களுக்காக இத்தனை விலை கிடைக்குமெனில், அச்சொற்களைச் சேர்க்கும் கைகளும் தோன்றவே செய்யும். அங்கே சங்கிலியில்லாத காசு அனாதை அறிவிப்புக்கு ஒப்பானது.

நம்மூர்ச் சங்கிலிகளோ பெரும்பாலும் ‘வீடு கட்டக் குழி தோண்டியபோது கிடைத்தது’ என்பதில் தொடங்கி அங்கேயே முடிகின்றன. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தாக வேண்டும். நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. ஆகவே அக்கூற்று பொய்யானால் வாங்குபவர் ஏமாற்றப்படுகிறார். மெய்யானால் சட்டமீறலில் பங்காளியாகிறார். பழமைக்குச் சான்றாகச் சொல்லப்படும் வாக்கியமே விலகிச் செல்லும்படி எச்சரிக்கும் வாக்கியமாகும்.

படிகள் அனைத்தும் குப்பையல்ல

படியெடுத்த காசுகள் யாவும் இழிந்தவை என்றும் கொள்ளலாகாது. இங்கிலாந்தில் மெர்சியா நாட்டை எட்டாம் நூற்றாண்டில் ஆண்ட ஒஃபா மன்னர், அப்பாசிய கலீஃபா அல்மன்சூரின் ஹிஜ்ரி 157ஆம் ஆண்டுத் தீனாரைப் படியெடுத்துப் பொற்காசு அடித்தார். அதன் நடுவே இலத்தீனில் அவர் பெயர் உள்ளது. அரபு எழுத்தை நேராகப் பிடித்தால் அப்பெயர் தலைகீழாகத் தெரியும். அச்சு வெட்டியவருக்கு அரபு தெரியாது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள அக்காசு, தீனாரின் மதிப்பு எத்தொலைவு பரவியிருந்தது என்பதற்குச் சான்றாக விளங்குகிறது. சிலுவைப்போர் காலத்தில் ஐரோப்பியர் முஸ்லிம் காசுகளைப் படியெடுத்து வணிகம் செய்தனர். போப்பின் தூதர் அதனைக் கண்டித்தபின், 1251 முதல் அக்காவில் கிறித்தவ வாசகங்களை அரபு மொழியிலேயே பொறித்து அடித்தனர்.

படியைப் படி என்று சொல்லி விற்றால் அது வரலாற்றுப் பொருள். மூலம் என்று சொல்லி விற்றால் மோசடி. மக்கா, மதீனா உருவங்கள் பொறித்த வில்லைகளும் இவ்வாறே. நினைவுப் பொருளாக விற்கப்படும்வரை அவற்றில் குற்றமில்லை. ‘முகலாயர் காலக் காசு’ என்று பெயர் சூட்டும்போது குற்றம் பிறக்கிறது. கஃபாவின் உருவைப் பொறித்த முகலாயக் காசு எதுவும் கிடையாது. 1818 என்னும் ஆண்டையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரையும் தெய்வ உருவங்களையும் தாங்கிய செம்புக் காசுகளை இந்துச் சகோதரர்களிடம் விற்போரும் இதே வித்தையைச் செய்கின்றனர். கம்பெனி அத்தகைய காசை அடித்ததேயில்லை. பக்தி எதுவாயினும் சந்தை அதற்கேற்ற வில்லையைத் தயாரித்துக்கொள்கிறது.

கிணற்றில் எறியப்பட வேண்டியது

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில், வாழ்வாதாரம் தேடும் ஒழுக்கங்களைக் கூறுமிடத்தில் கள்ளக் காசைப் புழங்கவிடுவதைத் தனியே ஆராய்கிறார். அது ஒருவரோடு முடியாமல் கைமாறிக் கைமாறிப் பரவும் பொதுத்தீங்கு. தொடங்கியவரின் பொறுப்பும் அதனோடு தொடரும். தம்மிடம் வந்துசேர்ந்த கள்ளக் காசை, வேறெவர் கைக்கும் எட்டாதவாறு கிணற்றில் எறிந்துவிட வேண்டும் என்பது அவர் அறிவுரை. வணிகன் நாணயச் சோதனையைக் கற்பது கடமை என்கிறார். அதற்கு அவர் காட்டும் நியாயம் சிந்திக்கத்தக்கது. தான் ஏமாறாமல் காத்துக்கொள்வதற்கு மேலாக, தன் அறியாமையால் பிறரிடம் கள்ளக் காசைச் சேர்த்துவிடாதிருக்கவே அவன் அதனைக் கற்க வேண்டும். ‘எனக்குத் தெரியாது, வாங்கியபடி விற்றேன்’ என்னும் இன்றைய விற்பனையாளரின் வழக்கமான மறுமொழிக்கு இங்கே இடமில்லை.

ஃபிக்ஹு நூல்கள் பொருளின் குறையை மறைத்து விற்பதை ‘தத்லீஸ்’ என்கின்றன. அறிவிப்பாளர் தம் சங்கிலியிலுள்ள குறையை மறைப்பதற்கும் ஹதீஸ் கலையில் அதே பெயர். வாங்கும் எண்ணமின்றி ஏலத்தில் விலையேற்றிக் கேட்பது ‘நஜ்ஷ்’. அதனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இத்தனை நுட்பமாக வாணிபத்தை வரையறுத்த மரபின் சொற்களையே முதலாக்கி இன்று ஏமாற்று நடைபெறுகிறது. 786 என்று வரிசை எண் கொண்ட நோட்டுக்கு இலட்சக்கணக்கில் விலை பேசுகின்றனர். அவ்வெண் மார்க்கத்தில் யாதொரு சிறப்பும் பெற்றதாக ஆதாரமில்லை. நோட்டின் வரிசையில் தானே வந்தமைந்த எண் அது. பழைய நோட்டுகளையும் காசுகளையும் வாங்குவதாகக் கூறித் தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணம் பறிப்போர் குறித்து இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விடுத்தது. முன்பணம் கட்டினால் பெருந்தொகை தருவோம் என்பவர் காசு வாங்க வந்தவரல்லர்.

எதற்காக இவ்வளவும்?

காசு சேகரிப்பது வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு. அதில் சிலர் ஏமாறினால் சமுதாயத்துக்கென்ன என்று கேட்கலாம். மதுரை சுல்தான்களின் வரலாறு இதற்கு விடை கூறும். ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹ் நிறுவிய அவ்வாட்சியைப் பற்றி நேரில் கண்டு எழுதியவர் இப்னு பதூதா. அஹ்ஸன் ஷாஹின் மருமகனாகவும் இருந்தவர். ஆனால் அவர் நாசிருத்தீன் காலத்தில் மதுரையை விட்டு நீங்கினார். அவர் எழுத்தும் அங்கே நின்றது. அதன்பின் ஆதில் ஷாஹ், ஃபக்ருத்தீன் முபாரக் ஷாஹ், அலாவுத்தீன் ஸிகந்தர் ஷாஹ் ஆகியோர் ஆண்டனர் என்பதை நமக்கு அறிவித்தவை பெரிதும் அவர்களுடைய சிறு காசுகளே. விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் படையெடுப்போடு, ஏறத்தாழ 1371இல், இவ்வாட்சி முற்றுப்பெற்றதாகக் கூறுவதுண்டு. ஸிகந்தர் ஷாஹின் காசோ ஹிஜ்ரி 779, அதாவது கி.பி. 1377–78 வரை ஆண்டு காட்டுகிறது. கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் இக்காசுகளைத் தொகுத்து 1909இல் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே இவ்வரலாறு உருவம் பெற்றது. அரை நூற்றாண்டுக்கும் குறைவாக நிலவிய ஓர் அரசின் பிற்பகுதி முழுவதும், விரல்நுனியில் அடங்கும் செம்புத் துண்டுகளை ஊன்றி நிற்கிறது.

அத்தகைய துண்டு ஒன்றில் எவரேனும் ஓர் எண்ணைத் திருத்தினால் வரலாற்றின் ஓர் ஆண்டு பொய்யாகும். இல்லாத சுல்தான் ஒருவரின் பெயரில் அச்சு வெட்டினால் இல்லாத ஆட்சி ஒன்று ஏடேறும். மெய்யான காசை ‘ஏதோ பழைய செம்பு’ என்று உருக்கிவிட்டால், ஆண்ட மன்னர் ஒருவர் ஆளாதவராகிவிடுவார். தம் வரலாற்றுக்கு ஆவணங்கள் குறைவாயுள்ள ஒரு சமுதாயம், எஞ்சியுள்ள ஆவணங்களை விற்பனையாளரின் கற்பனைக்கு ஒப்படைத்துவிடலாகாது.

இதற்கான தகுதி நம்மிடம் பாதி உள்ளது என்பதே நம் கருத்து. மக்தபில் குர்ஆன் ஓதிப் பழகிய ஒவ்வொரு பிள்ளைக்கும் அரபு எழுத்துத் தெரியும். புள்ளியில்லாக் கூஃபி எழுத்தையும், முகலாயர் காசின் நஸ்தஅலீக் எழுத்தையும், எண்களையும் சில திங்கள் பயிற்சியில் கற்றுக்கொள்ள இயலும். நம் அரபிக் கல்லூரிகளும் கலைக் கல்லூரிகளும் சிறியதொரு காசுப் பேழையை அமைத்து, மாணவர் ஒவ்வொருவரும் ஒரு காசையேனும் தாமே படித்துக் குறிப்பெழுதப் பயிற்றினால், அது வரலாற்றுக் கல்வியும் ஒழுக்கக் கல்வியுமாக அமையும். அக்குறிப்பு காசில் உள்ளதை உள்ளவாறு கூற வேண்டும். படிக்க இயலாத பகுதியை இயலவில்லை என்று ஒப்ப வேண்டும். எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காதிருக்க வேண்டும். காசு அரிதா இல்லையா என்பதைக் கடைசியில், அதுவும் சான்றிருந்தால் மட்டும், சொல்ல வேண்டும். இம்முறையில் எழுதப்பட்ட பத்து வரிகள், ‘மிக அரிது, பரக்கத்தானது’ என்னும் இரண்டு சொற்களைவிடக் கலிமாவுக்குச் செய்யும் பெரிய மரியாதையாகும்.